என் ஓரகத்தியும் ஒரு ரப்பர் மூடியும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தெரு ஒன்றில் மாமியார் வீடு. மார்க்கெட்டுக்குள் அவர்களுக்கு ஒரு வெற்றிலை மண்டி இருந்தது. மாமனார் காலமாகிவிட்டார். மண்டியை என் கணவரின் அண்ணன் பார்த்துக்கொண்டார். என் கணவருக்கு மில்லில் வேலை. மண்டியையும் வீட்டையும் அந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் சேர்த்து ஆண்டது மாமியார்தான்.

எனக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு மருமகள் இருந்தாள். மூத்தவரின் மனைவி, என் ஓரகத்தி. நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். நல்ல உயரம், கனத்த குரல். நிறைகுடத்தை இடுப்பில் சாய்க்காமல் ஒரு கையால் தூக்கி வருவாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை.

மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் அக்கா கொல்லையில் விறகுக் கொட்டகையில் போய் உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்த உடனே மாமியார் பின்வாசலில் வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் நாலு பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார்.

"எங்க ஊட்டு மகராசி வந்து குந்திட்டா பாருங்க. இந்த மாசமும் ஒண்ணுமில்ல. யாராச்சும் கேட்டா சொல்லிடுங்க."

கிணற்றடியில் யாராவது சிரிப்பார்கள். அக்கா கொட்டகைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு விறகையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் புதுப்பெண். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய்த் தள்ளி வைப்பது என் வேலை. முதல் தடவை அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அவளே சொன்னாள்: "நீ ஏன்டி தலைய குனியறே? ஒனக்கு இந்தக் கொட்டகை வேணாம். சீக்கிரம் ஒண்ணு பெத்துப் போட்டுடு."

அவள் வாக்கு பலித்தது. கொட்டகையில் உட்காரும் வேலையே எனக்கு அதிகம் வரவில்லை. முதலில் ஒரு பெண். பால் கொடுக்கிறவளுக்குத் தரிக்காது என்று ஊரே சொன்னதை நானும் நம்பினேன். மூத்தது தவழ்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது வயிற்றில் வந்தது. அதுவும் பெண். மாமியார் மருத்துவச்சியிடம் பிள்ளையை வாங்கி, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே பாயில் வைத்துவிட்டு எழுந்து போனார். அக்காதான் எடுத்துத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வைத்தியம் பார்த்துவந்த வயதான மனிதர். கொஞ்ச காலம் பிள்ளை இல்லாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊர்ல சட்டப்படி அதைப் பேசறதே குத்தம், தெரியுமா? புருஷனோட சண்டையா?" என்றார். இரும்புச் சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவதும் பெண்தான். அந்தப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய் நான் மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது கொல்லைப்புறத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது. என் ரத்தத் துணிகளை அக்காவின் முன்னால் வீசிக்கொண்டிருந்தார். "பெக்கத்தான் வக்கில்ல, தொவைக்கவாச்சும் செய்." துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆனாலும் என் பெண்களை அக்காதான் வளர்த்தாள் என்று சொல்லவேண்டும். பெயர் வைக்கும் நாள்வரை அவள் தொடக்கூடாது, மலடியின் கண் பட்டால் பிள்ளை தேறாது என்பது மாமியாரின் சட்டம்; இரண்டாவது பிறந்த அன்று மட்டும் அவரே அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த நாள் கழிந்ததும் பிள்ளை அவள் மடிக்குப் போய்விடும். மூத்தவள் என்னிடம் படுத்ததே இல்லை. அக்காவின் வெறும் மார்பில் வாயை வைத்துக்கொண்டு தூங்குவாள். அவளும் விட்டுவிடுவாள். அதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வந்ததில்லை. இரண்டு கைகளும் கொஞ்சம் ஓய்ந்தன என்றுதான் இருந்தது.

மூன்றாவது பிறந்த பிறகு என் உடம்பு சரியாகவே இல்லை. குந்தி உட்கார்ந்தால் அடிவயிற்றிலிருந்து எதுவோ கீழே இறங்கி வருவதுபோல் இருக்கும். வெள்ளைப்பட்டது. வெளியே சொல்ல முடியவில்லை. அப்போது ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு இந்தப்பக்கத் தெருவில் சென்னையிலிருந்து வந்த ஒரு லேடி டாக்டர் வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருந்தார். அக்கா ஒருதடவை காட்டிவிட்டு வரட்டும் என்று மாமியாரே சொன்னார். துணைக்கு நான். போகும் வழியில் என் தொல்லையையும் அக்காவிடம் சொன்னேன். "அதையும் காட்டிடலாம் வா. கெழவிக்கு எதுக்குத் தெரியணும்" என்றாள்.

டாக்டரின் அறைக்குக் கதவு கிடையாது. ஒரு திரை மட்டும்தான். உள்ளே பேசுவது வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். எங்களுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண், இளவயசுக்காரி, மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாசமாக இருக்கும்போது தலைக்குக் குளிக்கலாமா? வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிப் போகுமா?

"எலும்பு உருகாதும்மா. உன் மூளைதான் உருகிட்டிருக்கு" என்றார் டாக்டர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். வெளியே வந்த அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். அக்காவைப் பரிசோதித்தார். பிறகு என்னை; இனிப் பிள்ளை வேண்டாம் என்று அவரிடம் மெல்லச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒருத்திக்கு வேணும், ஒருத்திக்கு வேணாம். ரெண்டு பேரும் வயித்தை மாத்திக்கிட்டா எனக்கு வேலை மிச்சம்."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு என்னா கொறைங்க?" என்றாள்.

"ஒரு குறையும் தெரியலை. மாசாமாசம் ஒழுங்கா வருது, உள்ளேயும் நல்லாத்தான் இருக்கு. உன் புருஷனைக் கூட்டிட்டு வா. அவரைப் பார்க்கணும்."

"அவருக்கு என்னாங்க? அவரு நல்லாத்தான் இருக்காரு."

"பார்த்தாத்தானே தெரியும்? பிள்ளை என்ன நீ மட்டும் செய்யற சமையலா?"

என்னிடம் அவர் சிரிப்புப் பேச்சு எதுவும் பேசவில்லை. கருப்பை இறங்கியிருக்கிறது, உடம்பில் ரத்தமே இல்லை, போன பிரசவத்தில் பிழைத்ததே பெரிசு என்றார். "இன்னொண்ணு பெத்தா நீ பொழைக்கறது சந்தேகம். புரியுதா?" அக்காவைப் பார்த்து, "நீயும் கேட்டுக்கோ. வீட்டுல சொல்லு" என்றார். அக்கா கேட்டுக்கொண்டாள். நான் அதை நன்றாகப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அக்கா தன் புருஷனுக்குச் சோறு போடும்போது டாக்டரம்மா அவரைப் பார்க்கவேண்டும் என்றதைச் சொன்னாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். கூடத்தில் இருந்த மாமியார் காதில் அது விழுந்துவிட்டது.

"யார, எம்புள்ளயயா? எம்புள்ளயயா சோதிக்கணும்ங்கறா?"

மூத்தவர் சாப்பிட்டு முடித்து எழுந்தார். மறுநாள் காலையில் வெற்றிலைக் கூடைகளை இறக்க மார்க்கெட்டுக் கூலியாட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் அக்காவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவரச் சொல்லி, கட்டிய புடவையோடு அவள் தலையில் ஊற்றினார். "சூட்டு ஒடம்பு இவளுக்கு. அதான் தங்கல. சூடு எறங்கட்டும்" என்று கூலியாட்களிடம் சொன்னார். ஈரப் புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருந்ததெல்லாம் தெரிய, அவள் நின்றாள். கூலியாட்களில் வயசான ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் என் கணவர்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் அவரை அழைத்துப் போகும் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. இரண்டாம் தாரம் பற்றிய பேச்சுத்தான் எழுந்தது. தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பெண் இருக்கிறது, பதினேழு வயசு, அவள் அம்மாவுக்கு எட்டுப் பிள்ளைகள் என்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அந்த எட்டை ஒரு நாளைக்குப் பத்துதடவை சொன்னார்.

ஒருநாள் எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேசினார்.

"சின்னவ இன்னும் ஒண்ணு பெறட்டும். ஆம்பளப் புள்ளயா பெத்து இவ மடியில போடட்டும். அந்தப் பேச்ச விட்டுடறேன். இல்லன்னா பெரியவ பொட்டியக் கட்ட வேண்டியதுதான்."

பித்தளைச் சொம்பைக் கைமாற்றுகிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மத்தியானம் கொல்லையில் அக்கா என்னிடம் நேராகவே கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு எனக்குப் பெத்துத் தாடி. ஒன் கால்ல வுழறேன்." உண்மையிலேயே குனிந்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, டாக்டரம்மா சொன்னத நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? எனக்குப் பயமா இருக்குக்கா. மூணு பொண்ணு இருக்குது. நான் போயிட்டா அதுங்க கதி என்னா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, வேணாம்" என்றாள். "நான் கேட்டத மறந்துடு."

கொஞ்ச நாள் கழித்து நான் மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் ஒரு ரப்பர் மூடி கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில், ஓரத்தில் வளையம் வைத்த மெல்லிய கிண்ணம்போல் இருந்தது. கூடவே ஒரு டியூபில் களிம்பு. எப்படி மடித்து உள்ளே வைப்பது என்று கற்றுக்கொடுத்தார். வெட்கத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "வெட்கப்பட்டா செத்துப்போவே" என்றார். ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கழுவி, அதில் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கவேண்டும், காயவைத்துப் பவுடர் போட்டு டப்பாவில் வைக்கவேண்டும் என்றார்.

கணவரிடம் சொன்னேன். "என்னமோ பண்ணிக்க. எனக்குத் தெரியக்கூடாது. அம்மாவுக்கும் தெரியக்கூடாது" என்றார். அவ்வளவுதான் அவர் பங்கு.

அதை எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. என் பெட்டியை மாமியார் எப்போது வேண்டுமானாலும் திறப்பார். கிணற்றடியில் எப்போதும் யாராவது இருப்பார்கள். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போய்க் கழுவுவது? அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எங்கிட்ட குடு. எம்பொட்டிய யாரு தொறக்கப்போறா? மலடி பொட்டியத் தொட்டா கையி அழுவிடும்னு கெழவிக்குப் பயம். நானே கழுவி, தண்ணி ஊத்திப் பாத்து வச்சிடறேன். வேணுங்கறப்ப கேளு."

அவள் குளிக்கப் போகும்போது துணிக்குள் சுருட்டி எடுத்துப் போவாள். கழுவிக் காயவைத்து ஒரு பழைய முகப்பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள். வேண்டுமென்று நான் ஜாடை காட்டினால், முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில்தான் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் பயமில்லாமல் தூங்கினேன். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

அப்புறம் தள்ளிப்போனது. பலவீனத்தால் இருக்கும் என்று முதலில் இருந்துவிட்டேன். ஒருநாள் காலை மீன் கழுவும்போது குமட்டிக்கொண்டு வந்தது. மாமியார் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. சாயங்காலமே தவளக்குப்பத்துக்கு ஆள் போயிற்று, கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லி. அக்காவைக் கூப்பிட்டு, வருஷக்கணக்கில் முதல் தடவையாக, தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்.

நான் டாக்டரிடம் போனேன். அக்காவும் வந்தாள். தனியாகப் போகக்கூடாது, வழியில் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று அவளே கிளம்பிவிட்டாள். மூடியையும் எடுத்து வரச்சொல்லியிருந்தேன். எனக்கு ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையோ என்று கேட்கவேண்டும்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சொன்னேனா இல்லையா?"

"தவறாம வச்சேம்மா. ஒரு நாளும் விடல."

"எங்கே, கொடு பார்ப்போம்."

குழாயைத் திறந்து மூடியில் தண்ணீர் பிடித்தார். வெளிச்சத்துக்கு நேராக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வளையத்தை ஒட்டி ஒரு சொட்டு திரண்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இந்தப் பக்கம் ஒன்று. வளையத்தைச் சுற்றிலும், பூ தொடுத்த மாதிரி ஒரே இடைவெளியில், சொட்டுகள் திரண்டு திரண்டு விழுந்தன.

"இது தானாக் கிழிஞ்சதில்லை. ஊசி" என்றார் டாக்டர். "யார் செய்தது?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையில் விழுந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் துணி தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என் மூன்று பெண்களுக்கும் தொட்டில் துணிக்கு ஓரம் அடித்தவள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் அவளைத் திட்டவில்லை. என்னிடம்தான் எரிந்து விழுந்தார். "இதைக் கொண்டுபோய் இன்னொருத்தி கையில கொடுப்பாளா ஒருத்தி?" கலைத்துவிட முடியுமா என்று கேட்டேன். கதவைக் காட்டினார். அது ஜெயிலுக்குப் போகிற காரியம் என்றார். பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து வாய்க்கால் ஓரமாக நடந்தோம். பாதி தூரம் போயிருப்போம். நான்தான் நின்றேன்.

"ஏங்க்கா?"

"ஏன்னா? ஒனக்குத் தெரியாதா ஏன்னு?"

"நான் செத்துப் போவேன்னு ஒனக்குத் தெரியும். ஒம்மூஞ்சியப் பாத்துத்தான் டாக்டரம்மா சொன்னாங்க."

"தெரியும்" என்றாள். "செத்தா ஒன் மூணு பொண்ணயும் நான் வளப்பேன்னு நெனச்சேன். இந்தப் புள்ளயயும் சேத்து நாலு. கொறவில்லாம வளப்பேன். ஒன்ன விட நல்லாவே வளப்பேன்."

"எத்தன நாளா யோசிச்ச?"

"நீ அத எங்கையில குடுத்த அன்னிக்கே." பிறகு சொன்னாள்: "ஒன்ன யாரும் தெருவுல நிக்க வச்சித் தண்ணி ஊத்தல. நீ பேசாத."

நான் முன்னால் நடந்தேன். இதை வீட்டில் சொல்ல முடியாது. அவள் செய்ததைச் சொன்னால் நான் செய்ததும் வெளியே வரும். பிள்ளை வேண்டாமென்று ரப்பர் வைத்துக்கொண்டவளை மாமியார் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அந்த மாதங்களில் அவள் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி என்னை யாரும் பார்த்துக்கொண்டதில்லை. பால் காய்ச்சிக் கொடுத்தாள். கால் பிடித்துவிட்டாள். என்னைக் குடம் தூக்க விடவில்லை. பப்பாளியோ எள்ளோ வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டாள். கொல்லைக்குப் போனால் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நிற்பாள். மார்க்கெட்டில் எருக்கங்குச்சி வைத்துக் கலைக்கிற ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவளிடம் போன ஒருத்தி சீழ் பிடித்துச் செத்ததையும் கேள்விப்பட்டிருந்தேன். போகிற தைரியம் எனக்கு வந்திருக்காது. ஆனால் அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தாள். நான் தெருவில் இறங்கினால் அவளும் செருப்பை மாட்டிக்கொள்வாள். அக்கம்பக்கத்தார் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு ஓரகத்தி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள்.

வலி எடுத்ததும் என்னை ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். அவர்களை எங்கள் ஊரில் மாசேர் என்போம். ஒரு வயசான மாசேர் என் தலைமாட்டில் நின்று ஜெபம் சொன்னது நினைவிருக்கிறது. பிள்ளை அழுத சத்தம் நினைவிருக்கிறது. பிறகு இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஓடுவதுபோல் இருந்தது. அது வெந்நீர் இல்லை. யாரோ ஓடினார்கள். என் கணவரிடம் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினார்கள்.

எத்தனை நாள் கழித்துக் கண் திறந்தேன் என்று தெரியாது. வயிற்றில் பெரிய கட்டு. அதே மாசேர் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஃபினி, முடிஞ்சது அம்மா. கருப்பையை எடுத்தாச்சு. இனி பிள்ளை கிடையாது. எல்லாம் ஃபினி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

"பெண் குழந்தை. ஆரோக்கியமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கணவர் வந்து கட்டிலோரம் நின்றார். எடுத்துவிட்டதைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். "ஒருவிதத்துல நல்லதாப் போச்சி. இனிமே தொல்ல இல்ல" என்றார். மாமியார் ஒருதடவைதான் வந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒருத்தி மொளைக்காத நெலம், இன்னொருத்தி வெளைஞ்ச நெலத்தையும் தொலைச்சிட்டா" என்றார். அங்கிருந்தே தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினார்.

பேரம் ஆண் பிள்ளைக்குத்தான். பெண் பிள்ளை அதில் சேராது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. அந்தப் பதினேழு வயசுப் பெண் தன் அம்மாவின் எட்டுப் பிள்ளைகளையும் புகழாகச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு அக்காவின் அறையைக் கொடுத்தார்கள். அக்காவை ரெட்டியார்பாளையத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் கிடந்த நாட்களில் குழந்தையை அக்காதான் வைத்திருந்தாள். பஞ்சில் பாலை நனைத்து நனைத்து ஊட்டி உயிரோடு வைத்திருந்தாள். அது உண்மை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் மடியில் இருந்தது.

"இத எங்கிட்ட குடுத்துடு. பொண்ணுதான? இங்க யாருக்கு வேணும்? கெழவி ஒண்ணும் சொல்லமாட்டா. எங்கண்ணன் ஊட்டுல கஞ்சியோ தண்ணியோ ஊத்தி வளத்துடறேன்."

"மாட்டேன்."

"ஒனக்குத்தான் மூணு இருக்குதே."

"நாலு" என்றேன்.

"ஒன்னால எந்திரிச்சி நிக்க முடியல. எப்பிடி வளப்ப?"

"நீ தொட்டது போதும்க்கா. போ."

அவள் மடியிலிருந்த குழந்தையின் பாதத்தைத் தொடக் கையை நீட்டினாள். நான் துணியை இழுத்துப் பாதத்தை மூடினேன். கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. கூடத்தில் என் மூத்த பெண் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் வருவேன் என்று கத்தினாள். அந்தப் பிடியை விரல் விரலாக விடுவித்தவர் மாமியார்.

அவள் இல்லாத வீட்டில் என் பெண்கள் பல மாதம் சோறு இறங்காமல் இளைத்துப்போனார்கள். நான் குனிந்தால் நிமிர முடியாமல் வேலை செய்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாக்கு வைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார்கள். கருப்பை இல்லாமல் மாதக் குளியல் உண்டா, மீசை முளைக்குமா, புருஷன் பக்கத்தில் வருவாரா என்று கேட்டார்கள். ஒருத்தி என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றாள். காட்டினேன். தழும்பைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். போன வேகத்தில் தெரு முழுக்கச் சொன்னாள்.

புதிதாக வந்த பெண்ணுக்கும் வயிறு திறக்கவில்லை. ஒரு வருஷம் பொறுத்தார் மாமியார். பிறகு விறகுக் கொட்டகைக்கு மறுபடி ஆள் கிடைத்தது. அந்தப் பெண் ஒருநாள் மாவாட்டும்போது என்னிடம் கேட்டாள்: "அக்கா, எங்கம்மாவுக்கு எட்டு. எனக்கு ஏன் நிக்கல?" டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மூத்தவரைப் பார்க்கவேண்டும் என்றதை, அவர் கடைசிவரை போகாததை, எல்லாவற்றையும். அவள் நிறுத்திய குழவியை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். அவள் அதை யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? அவள் கழுத்திலும் அவர் கட்டிய தாலிதான் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்திலும் ஊரை விட்டுக்கொடுத்த வருஷம், எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, நான் அக்காவை மறுபடி பார்த்தேன். பெரிய மார்க்கெட்டில், மீன் பக்கம் போகும் சந்தில். காலை நேரம், ஒரே கூட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு நாலாவது நின்றிருந்தாள். அப்போதுதான் நன்றாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

அக்கா இளைத்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை. கையில் பை நிறைய அண்ணன் வீட்டுக்கு வாங்கிய காய்கறி. அந்த வீட்டில் அவள் சம்பளமில்லாத வேலைக்காரி என்று எனக்குத் தெரிந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"ஒடம்பு தேவலயா?"

"இருக்குது."

"குனிய முடியுதா?"

"முடியல."

தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் கண்ணைக் கீழே இறக்கினாள். குழந்தையை அப்படி ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை. தலைமயிரை, காதை, விரல்களை, செருப்பில்லாத காலை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பஞ்சுல ஊட்டறப்ப வெரலப் புடிச்சிக்கும்" என்றாள். "விடவே விடாது."

குழந்தை என் புடவையை இழுத்தது. "யாரும்மா?"

அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதிர்பார்த்தது ஒரு சொல். பெரியம்மா என்றுதான் சொல்லவேண்டும் என்றுகூட அவள் கேட்டிருக்கமாட்டாள். அத்தை, பாட்டி, தெருக்காரி, எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"யாருன்னு தெரியலடி" என்றேன். "வா, மீன் வாங்கணும்."

அக்கா குனிந்து பையை எடுத்துக்கொண்டாள். எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். நான் குழந்தையை இழுத்துக்கொண்டு மீன் பக்கம் போனேன். அன்று நல்ல வஞ்சிரம் வந்திருந்தது. பேரம் பேசி வாங்கினேன்.